தொலைவிலிருந்து சேர்ந்து வேலை செய்ய விசை வேண்டுமா, அதிர்வே போதுமா?

தொலைக்கை:
ஹெட்செட் அணிந்த இருவர், வேறு வேறு ஊரிலிருந்து ஒரே மெய்நிகர் பம்பைப் பிரித்துப் பூட்டுகிறார்கள் என்று வையுங்கள். தண்டைத் துளைக்குள் செருகும்போது விளிம்பில் இடித்தால் கை நிற்க வேண்டும். இப்போதைய கன்ட்ரோலர்களில் கை நிற்பதில்லை. பொருளுக்குள்ளேயே புகுந்து போகிறது, கூடவே ஒரு ‘ட்ர்ர்’. அதைத் தொடுகை என்பது ரொம்ப அதிகம். கையுறையோ மேசைக் கருவியோ, விசை திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

பொட்டலம்:
கட்சி சரி, கணக்குதான் உதைக்கிறது. ஒளியிழையில் சமிக்ஞை விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். 3,000 கி.மீ. தொலைவு என்றால் போய்வர 30 மில்லிவிநாடி. வைஃபையும் ரவுட்டர்களும் தின்பது தனி. மொத்தம் 50 என்று வைப்போம்.

மீட்டருக்கு 1,000 நியூட்டன் விறைப்புள்ள மெய்நிகர்ச் சுவரை 1,000 ஹெர்ட்ஸ் சுழற்சியில், அதாவது விநாடிக்கு 1,000 முறை விசையைக் கணக்கிட்டு, உணரச் செய்கிறோம். அது நடுங்காமல் இருக்கத் தேவையான தணிப்பு (வேகத்துக்கேற்ப அசைவை அடக்கும் எதிர்ப்பு), விறைப்பை ‘இரு கணக்கீடுகளுக்கு இடையிலான நேரத்தில் பாதி + தாமதம்’ என்பதால் பெருக்கினால் கிடைக்கும். தாமதம் இல்லையென்றால் 0.5 நியூட்டன்-விநாடி/மீட்டர். சமாளிக்கலாம். 50 மில்லிவிநாடி சேர்ந்தால் 50.5. அவ்வளவு தணிப்பைக் கருவியில் வைத்தால், விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் கையை நகர்த்தவே 10 நியூட்டன் இழுக்க வேண்டும். பரவலாக விற்கும் பேனா வடிவ மேசைக் கருவி ஒன்றின் உச்ச விசையே 3.3 நியூட்டன்தான். தணிப்பைக் குறைத்தால் சுவரைத் தொட்டதும் கருவி கடகடவென்று ஆடும்.

தொலைக்கை:
விசையை அப்படியே வலையில் அனுப்பினால்தானே இந்தக் கணக்கு? 1991-இல் நீமெயர், ஸ்லோட்டின் என்ற ஆய்வாளர்கள் அலை மாறிகளைக் கொண்டுவந்தார்கள். விசையையும் வேகத்தையும் கலந்து அலையாக அனுப்பினால், இடையிலுள்ள தாமதம் தானாக ஆற்றலை உண்டாக்க முடியாது, அமைப்பு ஆடாது. 2002 அக்டோபரில் லண்டனிலும் அமெரிக்காவின் எம்ஐடியிலும் இருந்த இருவர் ஒரு மெய்நிகர்ப் பெட்டியைச் சேர்ந்து தூக்கிக் காட்டினார்களே, ஒருவர் தள்ளுவது மற்றவர் கைக்குத் தெரிந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி!

பொட்டலம்:
ஆடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாமதம் கூடக்கூட சுவர் பஞ்சாகிவிடும். எதையும் தொடாமல் கையை அசைத்தாலே பாரம் தெரியும். தவிர, அந்த அலை மாறி முறையின் அடிப்படை வடிவம் மாறாத தாமதத்துக்கானது. இணையத்தில் தாமதம் குதித்துக்கொண்டே இருக்கும். அதைச் சமப்படுத்த, வருவதைச் சற்று நிறுத்திவைத்துச் சீராக விடும் இடையகம் வைத்தால், எப்போதும் மோசமான தாமதத்தோடுதான் வேலை.

இன்னொன்று: 2001 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த நோயாளிக்குப் பித்தப்பை அறுவை நடந்தது. தாமதம் சுமார் 155 மில்லிவிநாடி, விசைப் பின்னூட்டம் கிடையாது. கண்ணை வைத்தே முடித்தார்கள்.

தொலைக்கை:
முடித்தார்கள், சரி. டா வின்சி அறுவை ரோபோவின் ஐந்தாம் தலைமுறைக்கு 2024-இல் விசை உணர்வு ஏன் சேர்த்தார்கள்? கண் போதும் என்றால் அந்தச் செலவு எதற்கு?

பொட்டலம்:
அங்கே மருத்துவரும் நோயாளியும் வழக்கமாக ஒரே அறையில். நம் வழக்கே தொலைவு பற்றியது.

நுனிவிரல்:
இரண்டு வேறு தொடுகைகளை ஒன்றாகப் போட்டு அடித்துக்கொள்கிறீர்கள். கை பொருளில் படுவது ஒன்று. என் கையும் உங்கள் கையும் பொருள் வழியாக ஒன்றையொன்று இழுப்பது வேறு. முதலாவதற்கு வலைப்பின்னலே வேண்டாம். பொருளின் வடிவம் இரண்டு கணினியிலும் இருக்கிறது, மோதலை அங்கங்கே கணக்கிட்டுக்கொள்ளலாம். வேலையில் பெரும்பகுதி அதுதான்.

அதிர்வு ‘ட்ர்ர்’ என்று மட்டமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் எழுதுகிறவர்கள். தோலுக்குள் இருக்கும் பசினியன் உணரிகள் 250 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் மிகக் கூர்மை. சாதாரண நேரியல் அதிர்விகள் 150–250-க்குள் தங்கள் ஒத்ததிர்வில் மட்டும் ஒழுங்காக ஆடும். சொரசொரப்பு காட்டுகிறேன் என்று 60 ஹெர்ட்ஸ் அனுப்பினால் அநேகமாக ஒன்றும் தெரியாது. மோதலுக்கு 20 மில்லிவிநாடியில் தேய்ந்து மறையும் ஒரு துடிப்பு போதும், வீச்சு மோதிய வேகத்துக்கு ஏற்ப. பிடித்திருக்கும் நேரம் முழுக்க அதிரவிடாதீர்கள், தோல் பழகி மரத்துவிடும். பிடி, வழுக்கல், விடுகை என நிலை மாறும்போது மட்டும் கொடுங்கள்.

ஹெட்செட் செயலிகள் எழுதப் பயன்படும் பொதுத் தரமான ஓபன்எக்ஸ்ஆரில் அதிர்வின் கால அளவு நானோவிநாடியில். 20 என்று போட்டுவிட்டு ‘அதிர்வே வரவில்லை’ என்று கேட்காதவர் குறைவு. 20 மில்லிவிநாடிக்கு 2,00,00,000 போட வேண்டும்.

அதோடு, வரைந்த கை பொருளுக்குள் புகக்கூடாது. உண்மைக் கை உள்ளே போனாலும் திரையில் கை மேற்பரப்பிலேயே நிற்கட்டும். பாரமான பொருளைத் தூக்கினால் திரைக்கை உண்மைக் கையின் நகர்வில் 80 சதவீதமே நகரட்டும். மூளை அதை எடையாக எடுத்துக்கொள்கிறது.

தொலைக்கை:
அதெல்லாம் முழு மெய்நிகர் உலகில். உண்மைக் காட்சியின் மேல் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஏ.ஆரில்? அங்கே வெறுங்கை, கன்ட்ரோலர் கிடையாது.

நுனிவிரல்:
அங்கே நிலைமையே கோணல். தொலைவிலிருந்து ஒரு நிபுணர் வழிகாட்ட, களத்தில் நிற்பவர் உண்மையான நட்டைத் தொடுகிறார், அவருக்குச் செயற்கைத் தொடுகை இடைஞ்சல். விரல்நுனியை மூடினால் இருக்கிற உணர்வும் போகும், பருமனான கையுறை கேமராவின் கைத்தடமறிதலையும் குழப்பும். மணிக்கட்டில் ஒரு பட்டை போதும்: ‘இந்தப் பக்கம் திருப்பு’, ‘நிறுத்து’. தொலைவில் இருக்கும் நிபுணருக்குத்தான் கைக்கு ஒன்றும் வராது.

தொலைக்கை:
சரி, இரண்டாவது தொடுகைக்கு வருவோம். ஒரே தண்டின் இரு முனையை இருவர் பிடித்திருக்கிறோம். இரண்டு கணினியும் தனித்தனியாகக் கணக்கிட்டால் தண்டு இரண்டு இடத்தில் இருக்குமே?

பொட்டலம்:
இருக்கும். அதனால் இருப்பிடத்தின் இறுதிச் சொல் ஒரே சர்வருக்கு. ஒவ்வொருவர் பக்கமும் உள்ளூர் நகல், நகலுக்கும் சர்வர் நிலைக்கும் இடையே மென்மையான சுருள்வில், விசைக்கு 2 நியூட்டன் உச்சவரம்பு. தொலைந்ததைத் தேடாத யூடிபி என்ற வலை நெறிமுறையில், மறு அனுப்புதல் இல்லாமல் அனுப்புங்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்ப்பிக்கும் டிசிபி நெறிமுறையில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் காத்திருக்கும். பழைய இருப்பிடம் தாமதமாக வந்து என்ன பயன்? விநாடிக்கு 1,000 பாக்கெட்டும் வேண்டாம். சுமார் 10 சதவீதத்துக்குக் குறைவான விசை மாற்றம் கைக்குத் தெரியாது, அதைத் தாண்டினால் மட்டும் அனுப்பினால் வைஃபை மூச்சுவிடும்.

மறக்கிற இடம் ஒன்று உண்டு. இணைப்பு அறுந்து மீளும்போது நகல் எங்கோ, சர்வர் எங்கோ இருக்கும். வில் ஒரே இழுப்பில் கையை உதைக்கும். 50 மில்லிவிநாடியில் படிப்படியாக விசையை ஏற்றுங்கள்.

தொலைக்கை:
2 நியூட்டன் வில்லில் பொருளைக் கைமாற்ற முடியாது. கொடுப்பவர், வாங்குபவர் பாரத்தை ஏற்கும் அளவுக்கேற்பத்தான் பிடியைத் தளர்த்துவார். உச்சவரம்பை எட்டியபின் அவருக்குக் கூடுதலாக எதுவும் தெரியாது.

நுனிவிரல்:
அதற்கு விசையின் அளவு வேண்டாம், ‘மற்றவர் பிடித்துவிட்டார்’ என்ற ஒரு தட்டு போதும் என்பேன்.

தொலைக்கை:
அளந்து பார்ப்போம். வலைத் தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்கும் லினக்ஸின் நெட்எம் கொண்டு 0, 25, 50, 100 மில்லிவிநாடி சேருங்கள். ஜிட்டரும் (தாமதம் கூடிக் குறைவதும்) சேர்த்தால் பாக்கெட் வரிசை கலையும், அதனால் முதலில் அது இல்லாமல். கருத்துக்கேட்புப் படிவம் வேண்டாம். பொருள் எத்தனை முறை நழுவியது, கைமாறும்போது உச்ச விசை எவ்வளவு, இரண்டையும் பதியுங்கள். நுனிவிரலின் தட்டு 50-இல் விசை தரும் சுருள்வில்லை வென்றால் கட்சி மாறுகிறேன்.

பொட்டலம்:
100-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்?