கலைச்சொல் விவாதம்: படகில் வைக்கும் வானிலைக் கருவிக்கு என்ன பெயர்?

வணக்கம்.

எந்தப் படகுக்கு எந்த வானிலைக் கருவி பொருந்தும் என்று தமிழில் ஒரு சிறு கைந்நூல் எழுதுகிறேன். திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகும் என் சித்தப்பா போன்றவர்களுக்காக. வானொலி அலையில் வரும் செய்தியைப் பிடிக்கும் ‘ரிசீவர்’ (receiver) கருவிக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதில் வந்து நிற்கிறேன்.

இந்த விவாதத்தில் முன்பு முன்மொழியப்பட்ட ‘வானிலைப் பெறுநர்’ எனக்குச் சரிவரவில்லை. ஓட்டுநர், இயக்குநர் போலப் பெறுநரும் ஆளைக் குறிக்கும் சொல். ‘ஏற்பி’ (receptor) உயிரியலில் குடியேறிவிட்டது. ஒலிவாங்கி ஊரறிந்த சொல் என்பதால் ‘வாங்கி’யையே எடுப்போம். ஆனால் ‘வானிலைவாங்கி’ என்று பொதுவாக நிறுத்தினால் ஒப்பீடே குழம்பும். கருவி எதை வாங்குகிறது என்பது பெயரில் தெரியவேண்டும்.

கரை நிலையங்கள் கடலுக்கு அனுப்பும் எச்சரிக்கைகளைப் பிடிக்கும் நவ்டெக்ஸ் (NAVTEX) கருவி எழுத்தை வாங்குகிறது. 518 கிலோஹெர்ட்ஸில் வரும் செய்தியைத் தானே பிடித்துச் சேமிக்கும். ஆட்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தாலும் தூங்கினாலும் செய்தி தவறாது. கரை நிலையத்திலிருந்து 200 முதல் 400 கடல்மைல் வரை எட்டும். வேண்டாத செய்தி வகைகளை நிறுத்திவைக்கலாம், ஆனால் வானிலை எச்சரிக்கை போன்ற முக்கியமானவற்றை நிறுத்தவே முடியாது. அந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்தக் கருவியில் மதிப்பு. குறை, 518இல் வருவது ஆங்கிலம். அதனால்தான் தமிழ்க் கைந்நூல் தேவைப்படுகிறது. இதற்கு என் முன்மொழிவு: எழுத்துவாங்கி.

வெதர்ஃபாக்ஸ் (weatherfax) கருவி வானிலை வரைபடத்தை வாங்குகிறது, எனவே படவாங்கி. தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் சிற்றலை வானொலி வேண்டும், படத்தை வாசிக்கவும் பழகவேண்டும்.

விஎச்எப் (VHF) வானொலிக் கருவியில் நாமும் பேசலாம் என்பதால் அதைக் ‘கடல்பேசி’ என்கிறேன். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். அன்ரனா தாழ்ந்திருக்கும் ஃபைபர் வள்ளத்துக்கு எட்டும் தூரம் குறைவு.

உங்கள் கருத்து வேண்டும்.

*

அண்ணா, சென்னையிலிருந்து எழுதுகிறேன். எழுத்துவாங்கி பிடித்திருக்கிறது. ஒரு தயக்கம்: இங்கே ‘வாங்கி’ என்றால் கடையில் வாங்கியதுதான் முதலில் நினைவுக்கு வரும். ‘கடல்மடல் கருவி’ என்றால் என்ன? இன்னொன்று, வானிலையை முன்கூட்டிச் சொல்வதை இலங்கையில் நீங்கள் ‘எதிர்வுகூறல்’ என்பீர்கள், நாங்கள் ‘முன்னறிவிப்பு’ என்போம். நூலில் எது வரும்?

*

தங்கச்சி, கடல்மடல் காதுக்கு இனிமைதான். ஆனால் மடல் ஒருவர் பெயருக்கு வருவது. நவ்டெக்ஸ் செய்தி அந்தக் கடலில் நிற்கும் எல்லாருக்கும் வருவது. தனியாக நின்றால்தான் ‘வாங்கி’ கடையை நினைவூட்டும், ‘எழுத்துவாங்கி’ என்று சேர்ந்து நின்றால் அந்த மயக்கம் இல்லை. முன்னறிவிப்பு இங்கேயும் எல்லாருக்கும் விளங்கும், அதையே எழுதுகிறேன்.

நேற்று சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கம் கரை கடந்ததைப் பார்த்தவர். எழுத்துவாங்கி என்றதும், “எழுதித் தாறதோ? அப்ப நித்திரையால எழும்பியும் பார்க்கலாம்” என்றார். நான் விளக்க முன்னமே கருவியின் பயனைச் சொல்லிவிட்டார். படவாங்கிக்கும் தலையாட்டினார். கடல்பேசிக்கு மட்டும், “அது செற் (set) எல்லோ” என்றார். கொட்பேயில் எல்லாருக்கும் அது செற்தான். கடல்பேசியை எடுத்துவிட்டேன், நூலில் ‘விஎச்எப் செற்’ என்றே வரும்.