ட்சாங்கா காட்டில் யானைப் பாதையில் நடந்தபோது

கொரில்லாவை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ட்சாங்கா-சங்கா காட்டுக்குப் போகிறவர் பயப்பட வேண்டியது யானைக்கு.

நாட்டின் தென்மேற்கு மூலையில், பயாங்கா என்ற சிற்றூரை ஒட்டியிருக்கிறது இந்த மழைக்காடு. கேமரூனுக்குள்ளும் காங்கோ குடியரசுக்குள்ளும் அதே காடு நீள்கிறது. மூன்று நாட்டுப் பகுதிகளையும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. காட்டின் நடுவே ட்சாங்கா பாய் என்றொரு திறந்தவெளி. அங்குள்ள மண்ணின் தாது உப்புக்காகக் காட்டு யானைகள் கூடுகின்றன. சில நாட்களில் நூறையும் தாண்டும். அங்கே போகும் வழியைப் போட்டவையும் யானைகளே. நாம் நடப்பதும் அதில்தான், எதிரே யானை வருவதும் அதில்தான்!

எங்களுக்கு முன்னால் நடந்தவர் பயாக்கா இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி. கையில் ஒரு வெட்டுக்கத்தி மட்டும். தொடையளவு நீரோடையைக் கடந்து மேட்டில் ஏறியதும் சாணத்தைக் காலால் அமுக்கிப் பார்த்தார். நடையைக் குறைத்தார். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அடர்த்தி அது. எங்கள் காதில் பூச்சிகளின் இரைச்சல் மட்டுமே விழுந்தது. அவர் சட்டென்று நின்று கையைத் தூக்கினார். அடுத்த நொடி புதர் முறிந்தது, பிளிறல் கேட்டது. என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தவர், ஒரு பெருமரத்தின் பலகை வேருக்குப் பின்னால் எங்களைத் தள்ளினார். குட்டியோடு வந்த பெண் யானை. தும்பிக்கையை உயர்த்திக் காற்றை முகர்ந்தபடி நின்றது. வழிகாட்டி கத்தியின் தட்டைப் பக்கத்தால் வேரில் ஓங்கி அறைந்து ஒரே ஒரு முறை கத்தினார். யானை குட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியது. எங்கள் முகங்களைப் பார்த்து மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த யானைகள் நம் ஊர் யானையைவிடச் சிறியவை. தந்தம் நேராகக் கீழ்நோக்கி இருக்கும். அந்தத் தந்தத்துக்காகத்தான் 2013 மே மாதம் ஆயுதக் கும்பல் ஒன்று இதே ட்சாங்கா பாய் திறந்தவெளியில் 26 யானைகளைச் சுட்டுக் கொன்றது. மனித வாடை பட்டால் அவை மிரளாமல் என்ன செய்யும்?

கொரில்லாக்களைப் பார்த்தது மறுநாள். வழிகாட்டிகள் நாக்கைச் சொடுக்கி, வருவது தாங்கள்தான் என்று அறிவித்தபடியே நெருங்கினார்கள். ஆண் கொரில்லா எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முகக்கவசம் கட்டாயம், நம் சளி அவற்றுக்குக் கொடிய நோயாகிவிடலாம். கண்ணோரம் மொய்க்கும் கொடுக்கில்லாத சிறு தேனீக்கள்தான் பெரும் தொல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் நாட்டுக்குள் விடமாட்டார்கள். மலேரியா மாத்திரை அவசியம். தலைநகர் பாங்கி வெகு தொலைவு, சாலையோ மோசம். ஆகவே அவசர விமானத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். எங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்தவர்கள் இதை 'எளிய நடை' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், அதை நம்பி ஒரு முதியவர் முழங்கால் வலியோடு வந்துவிட்டார். இன்னொன்று, மழைக்கோட்டை அறையிலேயே விட்டுவிடுங்கள். நடக்கும்போது அது சரசரக்கும். எங்கள் குழுவில் ஒருவருடையதை வழிகாட்டி பாதி வழியில் கழற்ற வைத்தார். நனைந்தால் நனையட்டும், எப்படியும் தண்ணீரில்தானே நடக்கப் போகிறீர்கள்.