மறு: அகதீசியாவுக்குத் தமிழில் என்ன? இருப்புக்கொள்ளாமை என்பது என் பரிந்துரை

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

மூன்று நாளாக இந்த இழையை விடாமல் படித்து வருகிறேன். பழைய மனநோய் மருந்துகளின் பக்க விளைவுகளை விளக்கும் துண்டேட்டில் மற்ற சொற்களுக்கெல்லாம் ஓரளவு உடன்பாடு வந்துவிட்டது. மருந்தின் விளைவாக ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் நிலையான அகதீசியா என்ற இந்த ஒன்றில்தான் நிற்கிறோம்.

> அகதீசியா என்றே போட்டுவிடலாம். டாக்டர்களும் தாதியரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

அவர்கள் தங்களுக்குள் அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் இந்தத் தாளைப் படிக்கப்போவது சிங்கப்பூரின் தோ பாயோவில் மகனுடைய மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா. அவர் கண்ணில் முதலில் படுவது ‘அகதி’. அதற்குமேல் அந்தச் சொல் அவருக்கு எதையும் சொல்லாது.

> அமர்வொவ்வாமை? சுருக்கமாகவும் இருக்கிறது.

ஒவ்வாமை என்றால் இன்று எல்லாருக்கும் அலர்ஜிதான். உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். இது தோல் சம்பந்தப்பட்டதே இல்லை.

நான் சொல்ல வந்த சொல் ‘இருப்புக்கொள்ளாமை’. இதை நான் உருவாக்கவில்லை, என் சித்தப்பா சொன்னது.

எனக்குப் பதினாறு வயது. சித்தப்பாவுக்கு ஹாலோபெரிடால் என்ற பழைய மனநோய் மருந்தைக் கொடுக்கத் தொடங்கி இரண்டாவது வாரம். சித்தி தட்டில் சோறு போட்டுவிட்டுக் குழம்பை எடுத்து வருவதற்குள் எழுந்துவிடுவார். சமையலறையிலிருந்து வாசல் கம்பிக்கதவு, அங்கிருந்து மறுபடி சமையலறை. நிறுத்திவைத்தாலும் நிற்கமாட்டார். உடம்பின் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு, வலதிலிருந்து இடதுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். அந்த மாதத்திலேயே அவருடைய சிலிப்பரின் குதிகால் பக்கம் காகிதம் போலத் தேய்ந்துபோனது. “இருப்பே கொள்ள மாட்டேங்குதுப்பா” என்றார் என்னிடம். மருத்துவரிடம் நான்தான் மொழிபெயர்த்தேன். ‘அவருக்கு ஒரே கவலையாக இருக்கிறதாம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நோய் அடங்கவில்லை என்று எண்ணி மருந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பிறகு ஒருநாள் ஒரு மூத்த தமிழ்த் தாதி அவர் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அங்கிள், உங்களால உட்கார முடியுதா?” என்று கேட்டார். சித்தப்பா அழுதுவிட்டார். மருந்தின் அளவைக் குறைத்து, கூடவே இந்தத் தவிப்பைத் தணிக்கப் புரோபிரானோலால் என்ற மருந்தும் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து அவர் ஒரு தட்டுச் சோற்றை உட்கார்ந்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

நான் அன்று செய்த பிழை சொல்லில் நடந்த பிழை. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதம்.

துண்டேட்டின் விளக்கப் பகுதிக்கு மருந்தியலைச் சுருக்கமாக இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் போகும் பாதைகள் பல. குரல் கேட்பது, வீண் சந்தேகம் முதலியவற்றோடு தொடர்புடைய பாதை ஒன்று, உடல் அசைவை ஆளும் பாதை வேறொன்று. ஹாலோபெரிடால் அவற்றைப் பிரித்துப் பார்க்காது. டோபமைன் வந்து ஒட்டிக்கொள்ளும் டி2 ஏற்பி எங்கே இருந்தாலும் போய் அடைத்துக்கொள்ளும். அந்த ஏற்பிகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் நோய்க்குணம் தணியத் தொடங்குகிறது, 80ஐ நெருங்கும்போது அசைவுக் கோளாறுகள் பெருகுகின்றன. நடுவே இருக்கும் இடம் அவ்வளவு குறுகல். குளோர்புரோமசின் என்ற இன்னொரு பழைய மருந்தில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. ஆனால் அது வேறு ஏற்பிகளையும் தொடுவதால் தூக்கக்கலக்கம், வாய் உலர்தல், எழுந்தவுடன் தலைசுற்றல் உண்டு. வெயிலில் தோல் எளிதில் கருகும். நம் ஊர் வெயிலுக்கு இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

இனி சொல்லாராய்ச்சி. அகதீசியா என்பதைக் கிரேக்க வேர்களைக் கொண்டு 1901இல் ஆக்கியவர் பிராகு நகரத்து நரம்பியலாளர் லாடிஸ்லாவ் ஹஷ்கோவெட்ஸ். குளோர்புரோமசின் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது 1952இல். ஆக, இந்த மருந்துகளைவிட அந்தச் சொல்லுக்கு அரை நூற்றாண்டு வயது கூடுதல். பொருள் ‘உட்கார இயலாமை’. இப்போது நம் சொல்லைப் பாருங்கள். ‘இரு’ என்பதற்கு உட்கார் என்ற பொருள் பழையது. இருக்கை, வீற்றிருத்தல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. நம் குழுவின் யாழ்ப்பாணத்து அம்மா நேற்று எழுதியதுபோல, அவர் வீட்டில் இன்றும் விருந்தாளியை ‘இருங்கோ’ என்றால் உட்காருங்கள் என்றுதான் அர்த்தம். கிரேக்கத்தில் தேடி எடுத்தது தமிழில் பேச்சுவழக்காகவே கிடக்கிறது.

> இருப்பு என்றால் கையிருப்பு, வங்கி இருப்பு என்று தோன்றாதா?

தனியாக நின்றால் தோன்றும். ‘கொள்ளாமை’ சேர்ந்துவிட்டால் தோன்றாது.

மருந்தாளுநர் அக்கா எழுப்பிய தடைதான் கனமானது.

> பிள்ளை வீடு திரும்ப நேரமானாலும் இருப்புக்கொள்ளவில்லை என்கிறோம். மனப்பதற்றத்தையும் இதையும் மறுபடி குழப்பிவிடாதா?

அக்கா, நீங்கள் சொல்வது உண்மை. நான் தவறியதும் அந்த இடத்தில்தான். ஆனாலும் நோயாளி வாயில் தானாக வருவது இந்தச் சொல் என்பதால் இதை ஒதுக்கினால் நமக்குத்தான் இழப்பு. காலின் அசைவு வெளியே தெரியும், உள்ளே இருக்கும் தவிப்பை அவர் சொன்னால்தான் தெரியும். அகதீசியாவை அளக்க 1989இல் மனநல மருத்துவர் பார்ன்ஸ் வகுத்த அளவுகோலிலும் பார்த்து அறிவது, கேட்டு அறிவது என இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே கவலைக்கு ‘மனப்பதற்றம்’ என்று துண்டேடு முழுவதும் ஒரே சொல்லை வைப்போம். இதைத் தலைப்பில் ‘மருந்தால் வரும் இருப்புக்கொள்ளாமை’ என்போம். உடன் வருபவர்களுக்கு ஒரு வரி: ‘அவர் இருப்புக்கொள்ளவில்லை என்றால், உட்கார முடியவில்லை என்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கவலை என்று மாற்றாதீர்கள்.’ அதன் கீழேயே இன்னொரு வரி: ‘தவிப்புத் தாங்காமல் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். உடனே சொல்லுங்கள், சரிசெய்ய வழி இருக்கிறது.’

இரவில் படுத்தபின் காலில் வரும் குடைச்சல் வேறு நோய். அதை இதில் சேர்க்க வேண்டாம்.

மீதி இரண்டு சொற்களும் விரைவாக. மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ கழுத்து திருகிக்கொள்வதற்கும் கண் மேலே செருகுவதற்கும் ‘தசைமுறுக்கம்’ போதும். ‘இழுப்பு’ கூடாது, ஆஸ்துமா என்றோ வலிப்பு என்றோ எடுத்துக்கொள்வார்கள். மாதங்கள், ஆண்டுகள் கழித்து வாயும் நாக்கும் தாடையும் தாமாக அசைவதற்குப் ‘பின்தோன்று பிறழசைவு’ என்பேன். ‘தாமத’ என்று தொடங்கினால் அசைவே மெதுவாக இருக்கும் என்று படுகிறது. இங்கே தாமதமாவது அசைவில்லை, அது தோன்றும் காலம். மருந்தை நிறுத்திய பிறகும் அது நீடிக்கக்கூடும் என்பதையும் எழுத வேண்டும்.

இந்தப் பிறழசைவு உள்ள முதியவர்களை வீட்டில் ‘சும்மா எதையோ மெல்றாரு’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அம்மாவிடம் ஒரு கேள்வி: உங்கள் பக்கம் இதற்குப் பேச்சில் ஏதாவது சொல் உண்டா? இருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.