1,18,000 கி.மீ. ஓடிய பழைய இசட்4: செங்கோட்டை–புனலூர் தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா?

குண்டாறு வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வீடு செங்கோட்டை, வேலை புனலூர். புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாக ஒரு பக்கம் சுமார் 50 கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள். இப்போது ஓட்டுவது பழைய ஸ்விஃப்ட் டீசல்.

கொல்லத்தில் ஒருவர் பி.எம்.டபிள்யூ இசட்4 விற்கிறார். 2011 மாடல், 35ஐ, கேரளப் பதிவு, அவர் மூன்றாவது ஓனர். 18 லட்சம் கேட்கிறார். படிக்கிற காலத்திலிருந்து இரண்டு சீட் வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. வீட்டிலும் பேசி முடித்துவிட்டேன், அதனால் ஆசையை விட்டுவிடு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தபோது இரண்டு விஷயம் உறுத்தியது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கவில்லை. ஸ்டார்ட்டர் கொஞ்ச நேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. அப்புறம் சூடானதும் ஐடிலில் தகரம் அதிர்வது மாதிரி லேசாக ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் சத்தம் போய்விடுகிறது. விற்பவர் “இந்த இன்ஜினே அப்படித்தான்” என்கிறார். உண்மையா? இதை வைத்து தினமும் மலை ஏறி இறங்க முடியுமா?

ஆரியங்காவு வழி:

தம்பி, அந்த 35ஐ-யில் இருப்பது என்54 இன்ஜின். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன். ரொம்பப் பேர் கொண்டாடும் இன்ஜின்தான், ஆனால் அதன் பலவீனங்களும் ஊரறிந்தவை. நீங்கள் சொன்ன இரண்டுமே அந்தப் பட்டியலில் வருகிறது.

ஸ்டார்ட் ஆக நேரமெடுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப். இந்த இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் வரை பீய்ச்சப்படுகிறது. பம்ப் தளர்ந்தால் அந்த அழுத்தம் ஏற நேரமாகும். இதே பம்புக்காக 2010-ல் அமெரிக்காவில் பெரிய ரீகால் நடந்தது. இன்ஜெக்டர் கசிந்தாலும் இதே அறிகுறி வரும், ஆனால் அதோடு பெட்ரோல் வாடையும் முதல் ஸ்டார்ட்டில் புகையும் சேர்ந்துகொள்ளும். ஐடிலில் வரும் தகரச் சத்தம் டர்போவின் வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றும் புகையைக் கட்டுப்படுத்தும் சின்னக் கதவு) தேய்மானமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சத்தத்தோடு நின்றால் அவசரமில்லை. பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், குறைகிறது என்று ஸ்கேனரில் வந்தால் டர்போ செலவுதான்.

ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு. வாட்டர் பம்ப் எப்போது மாற்றினார்கள்? இந்த வண்டியில் அது பெல்ட்டில் சுற்றும் பம்ப் இல்லை, மின்சார பம்ப். சாதாரண பம்ப் என்றால் கசியும், சத்தம் போடும், நாமும் முன்கூட்டியே உஷாராவோம். இது நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு இன்று நிற்கும். சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர்தான் அதன் ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சாலையை நீங்களே தினம் பார்க்கிறீர்கள். புளியரை எஸ் வளைவில் எம்.சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று மூச்சு வாங்கி நின்றால் பின்னால் எல்லாரும் முதல் கியரில் ஊர்ந்துதான் ஆக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டிகளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஏற்றத்தில் இன்ஜின் உழைக்கிறது, எதிர்க்காற்றும் இல்லை. அந்த நேரத்தில் பம்ப் நின்றால் சில நிமிஷத்தில் எச்சரிக்கை வந்து இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்த பிறகும் “ஊர் வந்துவிடும்” என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் சூட்டில் போய்விடும். இந்தச் சாலைக்கு வண்டி வாங்குகிறவர் குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம், முதலில் கூலிங்கைப் பார்க்க வேண்டும்.

கோட்டவாசல் டீக்கடை:

ஆசையைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், அதில் பாதி மலை. லிட்டருக்கு 8 கிடைத்தாலே சந்தோஷம். தினம் 12 லிட்டருக்கு மேல் பெட்ரோல். இதற்கு மேல் டயர், ஆயில், பிரேக். நம் பக்கம் விலை கேரளாவைவிடச் சில ரூபாய் குறைவு என்பதால் புளியரை தாண்டும் முன்பே டேங்க்கை நிரப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான் லாபம். ஸ்விஃப்ட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

குண்டாறு வாசி:

ஆரியங்காவு அண்ணாச்சி, ரொம்ப நன்றி. வாட்டர் பம்ப் பற்றிக் கேட்டேன், “மாற்றின ஞாபகம்” என்கிறார், பில் இல்லை. ஸ்விஃப்ட் கண்டிப்பாக இருக்கும். பெட்ரோல் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன், தாங்கும். பேப்பர் விஷயத்தில்தான் ஒன்றும் புரியவில்லை. கே.எல். நம்பரிலேயே ஓட்டலாம், தினமும் கேரளாவுக்குத்தானே போகிறீர்கள் என்கிறார் புரோக்கர்.

தென்காசி பேப்பர்:

புரோக்கர் சொல்வதை நம்ப வேண்டாம். வண்டி எங்கே போய் வருகிறது என்பது கணக்கில்லை, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. உங்கள் முகவரி செங்கோட்டை, அதனால் பெயர் மாற்றமே இந்தப் பக்கம்தான் நடக்க வேண்டும்.

விற்பவர் கொல்லம் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். லோன் இருந்திருந்தால் படிவம் 35 போட்டு ஆர்.சி.யிலிருந்து வங்கிப் பெயரை எடுத்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30; புது நம்பருக்கு 27. தமிழ்நாட்டு ஆயுள் வரி எவ்வளவு வரும் என்று தென்காசியில் கேட்டு, அந்தத் தொகையை வண்டி விலையோடு சேர்த்துப் பேசுங்கள். நிறையப் பேர் வரியை மறந்துவிட்டு மலிவாக வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, 2011 பதிவு என்றால் ஆர்.சி. 2026-ல் முடிகிறது. 2022 ஏப்ரலிலிருந்து 15 வருஷம் முடிந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய், ஆனால் இறக்குமதி வண்டிக்கு 40,000. இசட்4 முழுதாகக் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி. ஆர்.சி.யில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கேரளாவில் கேமரா அபராதம் அதிகம், பரிவாகன் தளத்தில் நம்பர் போட்டுப் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சைலன்ஸர், வீல், நிறம் எதையாவது மாற்றியிருந்தால் ஃபிட்னஸில் நிற்கும், அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

புனலூர் ஸ்பேனர்:

நான் புனலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், வீட்டில் பேச்சு தமிழ்தான். இந்த இன்ஜின் கைக்கு வந்திருக்கிறது.

வாட்டர் பம்ப் சுற்றுகிறதா என்று வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே பார்க்கலாம். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டுங்கள். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இக்னிஷன் மட்டும் வரும். ஹீட்டரை முழுச் சூட்டிலும், காற்றை ஆகக் குறைவிலும் வையுங்கள். ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்தி 10 வினாடி பிடித்து விடுங்கள். முன்பக்கம் கீழே பம்ப் முனக ஆரம்பிக்கும், சுமார் 12 நிமிஷம் ஓடித் தானே நிற்கும். கூலன்ட் மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் வழி இது. சத்தம் சீராக இருக்க வேண்டும், விட்டுவிட்டு வரக் கூடாது. ஆனால் இன்று சீராக ஓடினால் நாளையும் ஓடும் என்று அர்த்தமில்லை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது, டார்ச் அடித்து ஆயில் ஃபில்டர் ஹவுசிங்குக்குக் கீழே பாருங்கள். அங்கே கேஸ்கெட் காய்ந்து ஆயில் கசிவது இந்த வயதில் சகஜம். கேஸ்கெட் மலிவு, ஆனால் கசியும் ஆயில் நேராக பெல்ட் மேல் விழும். ஊறிய பெல்ட் பிரிந்து கிராங்க் சீலுக்குள் (இன்ஜின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) நூல் நூலாக இழுபட்டுப் போனால் இன்ஜினையே இறக்க வேண்டிவரும். பெல்ட் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பு இருக்கக் கூடாது.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு சாரல் காலத்தில் தென்மலை இறக்கத்தில் இறங்காதீர்கள், இது பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டி. இதில் ஸ்டெப்னியும் கிடையாது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயரை மாற்றிச் சாதாரண டயர் போட்டிருந்தால் பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரசரும் டிக்கியில் இருக்க வேண்டும்.

மேற்கூரையை ஒரு முறை திறந்து மூடச் சொல்லுங்கள். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை வைத்து ஈரம் பாருங்கள். தண்ணீர் வழியும் துளையில் இலை அடைத்திருந்தால் நம் மழைக்கு உள்ளேதான் வரும்.

குண்டாறு வாசி:

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் அண்ணனையே கூட்டிக்கொண்டு கொல்லம் போய் வந்தேன். இப்படி நேரம் ஒதுக்கி வந்ததற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

பார்த்தது இதுதான். அண்ணன் சொன்ன முறையில் பம்ப் சீராக ஓடியது, ஆனால் ஸ்கேனரில் பழைய பம்ப் கோளாறு ஒன்று பதிவாகி இருந்தது. பெல்ட்டின் உள்ஓரம் கையில் ஒட்டியது, ஹவுசிங் கசிகிறது. ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் அழுத்தம் மெதுவாகத்தான் ஏறுகிறது. வாடை, புகை இல்லை, அதனால் ஹை பிரஷர் பம்ப்தான் என்றார். பூஸ்ட் சரியாக வருகிறது, வேஸ்ட்கேட் சத்தத்தை இப்போதைக்கு விட்டுவிடலாமாம். கியர்பாக்ஸ் மென்மையாக மாறுகிறது. டிக்கி காய்ந்திருந்தது. சர்வீஸ் பதிவுகளில் கிலோமீட்டர் படிப்படியாக ஏறியிருக்கிறது, மீட்டரைத் திருப்பவில்லை. டயர் நான்கும் பழசு.

வாங்கலாமா, எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

கோட்டவாசல் டீக்கடை:

இத்தனை வேலை இருக்கிறதே, எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. இன்னொரு வண்டி தேடுங்கள்.

புனலூர் ஸ்பேனர்:

அண்ணே, 14 வருஷ வண்டியில் இந்த வேலைகள் இல்லாமல் ஒன்று கிடைத்தால், ஏற்கெனவே யாரோ செலவு செய்து முடித்திருக்கிறார் என்று அர்த்தம், அதன் விலையும் அப்படித்தான் இருக்கும். என் கண்ணுக்கு இது ஏமாற்று வண்டி இல்லை, செலவைத் தள்ளிப்போட்ட வண்டி. மீட்டர் உண்மை, கியர்பாக்ஸ் நல்லது, அடிபட்ட தடயம் இல்லை. நேராக ஒரு லட்சம் குறையுங்கள் என்று கேட்டால் பேரம் இழுக்கும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹை பிரஷர் பம்ப், ஹவுசிங் கேஸ்கெட், பெல்ட், நான்கு டயர் எல்லாவற்றுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி மேசையில் வையுங்கள். மொத்தத்தை அவர் கழிக்க வேண்டும், அல்லது அவரே செய்து பில்லோடு தர வேண்டும். கழிக்கச் சொல்வதுதான் எனக்குப் பிடித்த வழி, அப்போது எந்தப் பார்ட் போடுவது என்பது உங்கள் கையில் இருக்கும்.

ஆரியங்காவு வழி:

நானும் அதையேதான் சொல்வேன். வாங்கிய கையோடு அந்த வேலைகளை முடித்துவிட்டு, முதல் இரண்டு மாதம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மலை ஏற்றுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை மாட்டி போனில் கூலன்ட் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். எந்த ஏற்றத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பது பழகிவிட்டால், வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் ஏறினாலும் உடனே தெரியும். தென்மலையிலோ கழுதுருட்டியிலோ ஓரம்கட்டி நிறுத்த இடம் இருக்கிறது. எஸ் வளைவில் இல்லை.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது எங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் வருகிறது, இந்த வண்டி அதற்காகச் செய்ததில்லை. ஹோஸ் எல்லாம் பழைய ரப்பர். வருஷம் ஒரு முறை ஸ்பேனரிடம் காட்டிவிடுங்கள், டேங்க்கில் பெட்ரோலோடு வாரக்கணக்கில் நிறுத்தியும் வைக்காதீர்கள்.

குண்டாறு வாசி:

பேசியாயிற்று. எஸ்டிமேட்டைக் காட்டினேன், டயர் தவிர மற்ற எல்லாவற்றையும் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். டயர் என் பொறுப்பு. முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆர்.சி.யில் இறக்குமதி என்றுதான் இருக்கிறது, அந்த 40,000-த்தையும் சொல்லி அதில் பாதியை விலையில் குறைத்தாயிற்று. மீதிப் பணத்தை எப்போது கொடுப்பது? வண்டியை இந்த வாரமே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

தென்காசி பேப்பர்:

அவசரப்படாதீர்கள். என்.ஓ.சி. கையில் வந்து, அதில் இருக்கும் சேஸிஸ் நம்பரை வண்டியில் இருப்பதோடு நீங்களே ஒத்துப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். பணம் வங்கி வழியாகப் போகட்டும். வண்டியை எடுக்கும் அன்றே இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் போடுங்கள். 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.