ஒரே துறை ரீட்டா, கலப்பு ரீட்டா? வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கு வந்து சில மாதச் சம்பளம் கையில் நின்றதும் பலரும் கேட்கும் கேள்வி இது: "வீடு வாங்க நாளாகும், விசாவும் உறுதியில்லை. அதுவரை ரீட்டில் போடலாமா? போட்டால் எந்த மாதிரி ரீட்?" முதல் பாதிக்குப் பதில் சுருக்கம். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அடைந்து முடியட்டும், அப்புறம் போடலாம். இரண்டாவது பாதியைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ரீட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பலருடைய பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வாடகை வசூலித்து, அதில் பெரும்பகுதியை முதலீட்டாளர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. பங்குச்சந்தையில் மற்றப் பங்குகளைப் போலவே வாங்கலாம், விற்கலாம். அமெரிக்காவில் 1960-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை ஈவுத்தொகையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வரிச்சலுகை பெற ஏறக்குறைய இதே அளவு பிரித்துக் கொடுக்க வேண்டும். அதனால் ரீட்டின் கையில் பணம் அதிகம் தங்காது. புதிய கட்டடம் வாங்கக் கடன் வேண்டும், அல்லது புதுப் பங்கு வெளியிட வேண்டும். வட்டி ஏறினால் எல்லா ரீட்டும் அடிவாங்குவது இதனால்தான். 2022-இல் அதைப் பார்த்தோம்.

ஒரே துறை ரீட் ஒரு வகைக் கட்டடத்தை மட்டும் வைத்திருக்கும்: கிடங்கு, மால், மருத்துவமனை, டேட்டா சென்டர், செல்போன் கோபுரம். கிடங்குகளுக்கு அமெரிக்காவின் புரோலாஜிஸ் ஓர் எடுத்துக்காட்டு, மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சிங்கப்பூரின் பார்க்வே லைஃப். கலப்பு ரீட்டில் மால், அலுவலகம், கிடங்கு எல்லாம் ஒரே குடையின் கீழ் இருக்கும்.

கலப்பு என்றால் பாதுகாப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ரீட்டுக்கும் வாடகை வரவு 100, கடன் வட்டி 30, பிரித்துக் கொடுக்க மிஞ்சுவது 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுக்க மால். இன்னொன்றில் மால் பாதி, மீதி அலுவலகமும் கிடங்கும். மால் வாடகை 20 சதவீதம் விழுகிறது. மால் ரீட்டின் வரவு 80 ஆகும், வட்டி போக மிஞ்சுவது 50. கலப்பு ரீட்டின் வரவு 90, மிஞ்சுவது 60. ஒன்றில் உங்கள் ஈவுத்தொகை கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைகிறது, மற்றொன்றில் 14. வாடகை விழுந்ததைவிட மால் ரீட்டின் ஈவுத்தொகை அதிகமாக விழுந்திருப்பதைக் கவனியுங்கள். கடன் செய்யும் வேலை அது. கடன் அதிகமுள்ள கலப்பு ரீட்டைவிடக் கடன் குறைவான ஒரே துறை ரீட் நிதானமாக நிற்கலாம். ஆகவே பெயரைப் பார்ப்பதற்கு முன் கடன் விகிதத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் சொத்து மதிப்பில் 50 சதவீதத்துக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று வரம்பே உண்டு. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

கலப்பு ரீட்டின் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல கிடங்குகளோடு, ஆள் வராத அலுவலகங்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத பகுதியை மட்டும் விற்க முடியாது. சந்தையும் மோசமான பகுதியைப் பார்த்தே விலை போடும். அமெரிக்காவின் டபிள்யூ. பி. கேரி பல வகைக் கட்டடங்கள் வைத்திருக்கும் ரீட். அதன் வாடகையில் அலுவலகங்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. ஆனாலும் 2023-இல் அலுவலகத் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்து, அவற்றில் பலவற்றைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது, ஈவுத்தொகையையும் குறைத்தது. கனடாவின் எச் அண்ட் ஆர் ரீட் 2022 தொடக்கத்தில் தன் மால்களைப் பிரைமாரிஸ் என்ற தனி ரீட்டாகப் பிரித்தது. சிங்கப்பூரில் நடந்தது நேர் எதிர்: மால்கள் வைத்திருந்த கேப்பிட்டாலேண்ட் மால் டிரஸ்டும் அலுவலகங்கள் வைத்திருந்த கேப்பிட்டாலேண்ட் கமர்ஷியல் டிரஸ்டும் 2020-இல் ஒன்றாக இணைந்தன. பெரிய நிர்வாகங்களே இரண்டு திசையிலும் போகும்போது "இதுதான் சிறந்தது" என்று ஒரேயடியாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஒரே துறை ரீட்டின் ஆபத்து இன்னும் நேரடியானது. மெடிக்கல் பிராப்பர்ட்டீஸ் டிரஸ்ட் என்ற அமெரிக்க ரீட் மருத்துவமனைக் கட்டடங்களை மட்டும் வைத்திருக்கிறது. அதன் மிகப் பெரிய வாடகைதாரர் ஸ்டூவர்ட் ஹெல்த் கேர் வாடகை கட்டத் திணறியது. ரீட் 2023-இல் தன் ஈவுத்தொகையை ஏறக்குறையப் பாதியாக வெட்டியது, 2024 மே மாதம் ஸ்டூவர்ட் திவால் மனு கொடுத்தது. நோயாளிகள் குறைந்ததால் வந்த வினை இல்லை இது. ஒரே ஆளை அதிகம் நம்பியதால் வந்தது.

இப்போது, புதிதாக வந்தவர்கள் இதை ஏன் மற்றவர்களைவிட உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஸ்டூவர்ட் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு நர்ஸ், "மருத்துவத்துறை எனக்குத் தெரிந்த துறை" என்று அந்த ரீட்டையே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சம்பளம் கேள்விக்குறி ஆகும் அதே நேரத்தில் சேமிப்பும் சரிந்திருக்கும். ஐடியில் இருப்பவர்கள் டேட்டா சென்டர் ரீட்டையும் அலுவலக ரீட்டையும் வாங்கிக் குவிப்பதும் இதே கதைதான். அவற்றின் வாடகைதாரர் பட்டியலில் உங்கள் கம்பெனியோ, அதன் வாடிக்கையாளர்களோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்த ஊரிலேயே வளர்ந்தவருக்கு வேலை போனால் உறவினர் வீடு இருக்கும், ஓராண்டு நிதானமாக வேலை தேடலாம். அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு, வேலை போன பின் அங்கே தங்க அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளில் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது. "தெரிந்த துறையில் போடு" என்ற அறிவுரை நமக்கு இந்த இடத்தில் பொருந்தாது. உங்கள் சம்பளம் எந்தத் துறையில் இருந்து வருகிறதோ, அந்தத் துறை ரீட்டைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன்.

சரி, எதை வாங்குவது? முதல் அடிக்கு நான் சொல்வது, பல ரீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் குறியீட்டு நிதி (இண்டெக்ஸ் ஃபண்ட்). கலப்பு ரீட் தருவதாகச் சொல்லும் பரவலை இது குறைந்த செலவில் தரும். ஒரே நிர்வாகத்தை நம்பியும் இருக்க வேண்டாம். ஆனால் அதிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலிய ரீட் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குட்மேன் என்ற ஒரே குழுமம்தான்.

தனி ரீட்தான் வாங்குவேன் என்பவர்கள் ஆண்டறிக்கையில் மூன்று இடங்களைத் தேடுங்கள். முதல் பத்து வாடகைதாரர் பட்டியல்: ஒருவரே பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறார் என்றால் எனக்கு உறுத்தும். குத்தகை முடியும் ஆண்டுகளின் பட்டை வரைபடம்: ஏதாவது ஒரு பட்டை மட்டும் நெடுநெடுவென்று நின்றால் அந்த ஆண்டில் கட்டடம் காலியாகும் அபாயம் இருக்கிறது. அப்புறம் நாடுவாரி வருமானம். "கலப்பு" என்று பெயர் இருக்கும், பார்த்தால் முக்கால் பங்கு ஒரே நகரத்து அலுவலகமாக இருக்கும். மேனுலைஃப் யூஎஸ் ரீட் சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்டது, கட்டடங்கள் எல்லாம் அமெரிக்க அலுவலகங்கள். அங்கே அலுவலக மதிப்பு சரிந்ததும் 2023-இல் ஈவுத்தொகையையே நிறுத்தி வைத்தது. எந்தச் சந்தையில் வாங்குகிறோம் என்பதும் கட்டடம் எங்கே இருக்கிறது என்பதும் வேறு வேறு.

வரியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இது ரீட் வகையைவிட உங்கள் பையை அதிகம் பாதிக்கும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அமெரிக்க ரீட் வாங்கினால் ஈவுத்தொகையில் 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள். சிங்கப்பூர் ரீட் தரும் தொகைக்குத் தனிநபர்களுக்குப் பொதுவாக வரி இல்லை. பிரிட்டனில் ரீட் வாடகை லாபத்தில் 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், ஐசா என்ற வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் அது இல்லை. அமெரிக்காவில் வரி கட்டுபவர்கள் இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள ரீட்டை வாங்கும் முன் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கான 'பிஃபிக்' (PFIC) விதி பொருந்துமா என்று வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். பொருந்தினால் வரியும் கடுமை, படிவ வேலையும் அதிகம். கனடாவில் ரீட் தரும் தொகையில் ஒரு பகுதி நீங்கள் போட்ட பணத்தையே திருப்பித் தருவதாக இருக்கலாம். அன்றைக்கு வரி இல்லை, ஆனால் உங்கள் வாங்கிய விலை அந்த அளவு குறையும், விற்கும்போது லாபம் கூடுதலாகக் கணக்காகும். இந்த விவரம் வரும் டி3 என்ற வரிச் சீட்டை ஆண்டுதோறும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

எவ்வளவு போடலாம் என்று கேட்டவருக்கு: நிரந்தர வசிப்புரிமை கைக்கு வரும்வரை மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒன்றைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று ஆண்டுக்குள் வீட்டுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை ரீட்டில் வைக்கவே வேண்டாம், வங்கி வைப்பிலேயே இருக்கட்டும்.