அப்புச்சியும் சிரிக்கிற மாதிரி ஒரு சூப்பர் ஹீரோ படம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, லீவுக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். ராத்திரியில் களத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ப்ரொஜெக்டரில் படம் போடுகிறோம்.

போன வாரம் 2018இல் வந்த 'இன்க்ரெடிபிள்ஸ் 2'. கைக்குழந்தை ஜாக்-ஜாக் குப்பைத்தொட்டியைக் கிளறும் ரக்கூனோடு மல்லுக்கு நிற்கும் இடம் வந்ததும், எண்பதைத் தாண்டிய அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம மரநாயாட்டவே இருக்குது கண்ணு!" என்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். அந்தச் சண்டையில் பேச்சுக்கு வேலையே இல்லை. அதனால்தான் அவருக்கும் ஆறு வயசுப் பாப்பாவுக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. 'பிக் ஹீரோ 6'இல் காற்று இறங்கும் பலூன் மாதிரி ரோபோ பேமேக்ஸ் தன் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டுவதும் அப்படித்தான்.

அப்புறம் இன்னொரு படம் போட்டோம். முழுக்க மற்ற சூப்பர் ஹீரோ படங்களைக் கிண்டல் செய்யும் வசனம். பெரிய பசங்கள் மட்டும் சிரித்தார்கள். அப்புச்சி பத்து நிமிஷத்தில் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை.

முகத்திலும் அசைவிலும் சிரிப்பு வருகிற படமாக இரண்டு மூன்று சொல்லுங்க. குண்டாக இருப்பவரைக் கேலி செய்வது மட்டும் வேண்டாம், பாப்பா அதை அப்படியே பிடித்துக்கொள்கிறாள். தமிழ் டப்பிங் நன்றாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா, சித்தி குடும்பமும் வருகிறது. அதற்குள் தெரிந்தால் ரொம்ப உபகாரமுங்க.