குடலைப் பிடித்திருக்கும் சவ்வு தனி உறுப்பா?

தக்கலை டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நேற்று எழுந்து, "உடம்பில் புதுசா ஒரு உறுப்பு கண்டுபிடிச்சாங்களாமே டீச்சர்?" என்று கேட்டான். புதிதாக எதுவும் முளைக்கவில்லை. குடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்து வைத்திருக்கும் சவ்வு அது, பெயர் மெசன்டரி. அதைத் தனி உறுப்பாகக் கொள்ள வேண்டும் என்று அயர்லாந்தின் லிமெரிக்கில் சர்ஜனாக இருக்கும் கால்வின் காஃபி 2016-இல் எழுதினார். எனக்கு அது சரியென்றே படுகிறது. 1885-இல் லண்டனில் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற சர்ஜன் இது துண்டு துண்டாக அங்கங்கே இருப்பது என்றார். நூறு வருடத்துக்கு மேல் பாடப்புத்தகங்கள் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. அவருக்கு முன்பே கார்ல் டோல்ட் என்ற உடற்கூறு ஆய்வாளர் சரியாகப் பார்த்திருந்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிறுகுடல் முதல் மலக்குடல் வரை ஒரே தொடர்ச்சி என்று 2012-இல் காஃபியின் குழு காட்டியது.

திருவட்டாறு:
டீச்சர், தொடர்ச்சி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 'உறுப்பு' என்ற பட்டத்தில்தான் மறுப்பு. எது உறுப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட இலக்கணம் எங்கே இருக்கிறது? செய்திகளில் '79-வது உறுப்பு' என்று போட்டார்கள். மற்ற 78-ஐ எண்ணி முத்திரை வைத்தது யார்? தமிழில் கையும் காலும்கூட உறுப்புதானே. இங்கிலாந்தில் பில் ஹீல்ட் என்ற சர்ஜன் 1982-லேயே சொல்லிவிட்டார், மலக்குடல் புற்றுக்கு அறுக்கும்போது அதைச் சுற்றியுள்ள மெசன்டரியைக் கிழியாமல் முழுசாக எடுத்தால் அந்த இடத்தில் புற்று திரும்புவது குறையும் என்று. அதற்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை.

குளச்சல் மக்கா:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்குடல். பிரிக்காமல் வாங்கி வருவோம், கழுவுவது என் வேலை. அந்தச் சவ்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பூவரசு இலை நரம்பு மாதிரி ரத்தக்குழாய் கிளை கிளையாக ஓடும். சுற்றிலும் வெள்ளைக் கொழுப்பு, இடையிடையே பயறு போல உருண்டைகள். அவை நிணநீர்க் கணுக்கள் என்று பிறகுதான் படித்தேன். சேலைக் கொசுவம் போலத்தான் இருக்கும், இடுப்பில் செருகின இடம் ஒடுக்கம், கீழே விரிவு. மனிதனுக்கு அடிப்பக்கம் 15 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. அதிலிருந்து விரிந்து 6 மீட்டர் சிறுகுடலைத் தாங்குகிறது. இதை உறுப்பு என்று சொல்ல என்ன தயக்கம் அண்ணே?

மார்த்தாண்டம் நர்ஸ்:
மக்கா சொன்ன அந்த ரத்தக்குழாய்தான் விஷயம். அதில் அடைப்பு வந்தால் சில மணி நேரத்திலேயே குடல் செத்துப்போகலாம். வீட்டாரிடம் "குடல் கெட்டுப்போச்சு" என்றுதான் சொல்வோம், ரத்தம் நின்றது சவ்வில். பெயர் சொல்லப்படாத இடத்தை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. குரோன் என்று ஒரு நோய், குடலில் வீக்கமும் புண்ணும் திரும்பத் திரும்ப வரும். அதற்குக் குடலோடு மெசன்டரியையும் சேர்த்து எடுத்துப் பார்த்து காஃபி 2018-இல் எழுதினார். பழைய முறையில் 40 சதவீதம் பேருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது, சேர்த்து எடுத்தவர்களில் 2.9 சதவீதம்தான்.

திருவட்டாறு:
அந்தக் கணக்கை நானும் பார்த்தேன் சிஸ்டர். மொத்தமே 64 பேர். முன்பு அறுவை செய்தவர்களோடு பிறகு செய்தவர்களை ஒப்பிட்டது. அப்புறம் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் மெசன்டரியைச் சேர்த்து எடுப்பவர்கள், எடுக்காதவர்கள் என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரண்டு பக்கமும் நோய் திரும்பியது ஏறக்குறைய ஒரே அளவு. உறுப்பு என்று சொல்லிவிட்டால் அதை வெட்டி எடுக்கும் ஆசையும் கூடவே வருகிறது. என் பயம் அதுதான்.

தக்கலை டீச்சர்:
உங்கள் பயம் நியாயம். ஆனால் அந்தச் சோதனை எதைச் சோதித்தது? வெறும் ஒட்டுத்துணி என்று நினைத்திருந்தால் அதற்காக நோயாளிகளைச் சேர்த்துச் சோதித்திருப்பார்களா? சேர்த்து எடுப்பதில் பலன் இல்லை என்று விடை வந்தாலும் கேள்வி கேட்கப்பட்டதே. வகுப்பில் 79 என்ற எண்ணைச் சொல்ல மாட்டேன், அதில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். உறுப்பு என்று சொல்வேன்.

மக்கா, வரும் ஞாயிறு குடலைக் கழுவும் முன்னே சவ்வை விரித்துப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அந்தப் பையனுக்குக் காட்ட வேண்டும்.

குளச்சல் மக்கா:
சரி டீச்சர். காலையிலேயே எடுத்துவிடுகிறேன், வெயில் வந்தால்தான் நரம்பு தெளிவாகத் தெரியும்.